யாரிடமிருந்து, யாருக்கு

"லாகுமாயு ஊர் டோன்யா பாவ்லினா கவனிக்கவும். நகரத்திலிருந்து உங்கள் மகன் சொல்லி அனுப்புவது. சனிக்கிழமை லாரியில் வருகிறேன். கையில் மூட்டை இருக்கிறது. மூன்று சிலுவை முக்கில் கழுதையோடு வந்து நிற்கவும். மறுபடி சொல்கிறேன்..."

செவெரீனா கொண்டோரி இப்படி வாசிக்கத் தொடங்கியபோது அவள் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. இப்போது இரண்டு பின்னலும் வெள்ளை. தாகோபாம்பா வானொலியில் விடியற்காலையும் சாயங்காலமும் கெச்சுவா மொழியில் அறிவிப்பு வாசிப்பது அவள் வேலை. வடக்குப் பொடோசி மலைகளில் கைப்பேசி வீட்டுக்கு வீடு உண்டு, சிக்னல்தான் கிடையாது. யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருடைய மாடு தொலைந்தது, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் இவள் தொண்டை வழியாகத்தான் மலையேறும்.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. யாரிடமிருந்து, யாருக்கு. இந்த இரண்டும் இல்லாத சேதியை, பாதிரியாரே வந்து நின்றாலும் வாசிக்க மாட்டாள். "பேர் போடாம சேதி சொல்றவன் சேதி சொல்ல வரலை, வம்பு பண்ண வந்திருக்கான்" என்பாள்.

ஊர்க்காரர்களிடமும் ஒரு சட்டம் உண்டு. வானொலி சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை ஒருவன் குடித்துவிட்டு வந்து காளையை விற்றுவிடும்படி மனைவிக்குச் சேதி கொடுத்தான். அவளும் அன்றைக்கே விற்றாள். போதை தெளிந்து வீட்டுக்குப் போனவன் குதித்தான், கத்தினான், பஞ்சாயத்தைக் கூட்டினான். பெரியவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ரேடியோவில வந்துச்சா இல்லையா?" வந்தது. அதோடு தீர்ந்தது வழக்கு.

இந்த நம்பிக்கையைத்தான் எவனோ ஒருவன், எந்த நாட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தானோ, அறுவடை செய்துகொண்டு போனான்.

விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெளியே வந்தது. செவெரீனா அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நீல்டா ஓடி வந்து கையைப் பிடித்தாள். நீல்டா லாகுமாயுவில் இருக்கும் கசிமிராவின் மகள். இந்தப் பெண்ணுக்கு முதல் முடி இறக்கியபோது முதல் கத்தரி போட்டவள் செவெரீனா. அன்றிலிருந்து நீல்டாவுக்கு அவள் ஞானத்தாய். கசிமிராவும் செவெரீனாவும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. கூடப்பிறந்தவளைவிட ஒரு படி மேலான உறவு அது. அதுவரை 'நீ, வா, போ' என்று திரிந்த சிநேகிதிகள், முடி இறக்கிய மறுநாளிலிருந்து 'நீங்க, வாங்க' என்றாகிவிட்டார்கள். அது அங்கே வழக்கம், யாரும் மீற மாட்டார்கள்.

"ஞானம்மா, நீங்க சொன்ன மாதிரியே அம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்க" என்றாள் நீல்டா, முகமெல்லாம் சிரிப்பாக.

"நான் சொன்னேனா? எந்த மாத்திரை?"

"சர்க்கரை மாத்திரைதான். துளி மட்டும்தான் இப்ப. அடுத்த பாட்டில் வாங்கத்தான் வந்தேன்."

"என்ன துளி? என்னடி உளர்றே?"

நீல்டா கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். சிக்னலுக்காக மூன்று சிலுவை முக்கு வரை ஏறிப்போய் இறக்கி வைத்துக்கொண்ட படம் அது. திரையில் பனிமலை, பச்சைப் பாட்டில், ஓரத்தில் வானொலி விழாவில் எடுத்த செவெரீனாவின் புகைப்படம். அப்புறம் குரல்.

"என் மக்களே, உங்க செவெரீனா பேசறேன். சர்க்கரை மாத்திரை உங்க சிறுநீரகத்தைத் தின்னுது. அதை இன்னைக்கே நிறுத்துங்க. தாய்மண் துளிகள் காலையில பத்து, ராத்திரி பத்து. டாக்டர்கள் தடுப்பாங்க, கேக்காதீங்க. மறுபடி சொல்றேன்..."

அவளுடைய கெச்சுவா. அவளுடைய இழுப்பு. வாக்கியம் முடிந்ததும் தொண்டையை லேசாகக் கனைப்பாளே, அதுகூட இருந்தது. சோளத்தை அப்படியே கீழே போட்டாள்.

"இது நான் இல்லை."

நீல்டா ஞானத்தாயின் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க குரல்தானே, ஞானம்மா?"

"குரல் என்னுதுதான். பேசினது நான் இல்லை."

இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய காலம் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அந்தப் பெண்ணுக்கும் புரியவில்லை. மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி, அம்மாவிடம் இப்படி இப்படி என்று எடுத்துச் சொல்லச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, செவெரீனா நேரே நிலையத்துக்கு நடந்தாள்.

நிலையத்தை நடத்துபவர் டோன் வால்தேர். அங்கே மரியாதைக்கு ஆணை டோன் என்பார்கள், பெண்ணை டோன்யா என்பார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்றும் யாரும் சொன்னதில்லை. இரண்டு வருடமாக அவள் வாசிப்பதையெல்லாம் ஒன்று விடாமல் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். "உலகமே உங்களைக் கேக்குது டோன்யா செவெ" என்று பெருமையடித்துக்கொள்வார். உலகம் கேட்கத்தான் செய்தது. திருடியவன் பூட்டைக்கூட உடைக்கவில்லை. வாசலில் கொட்டிக் கிடந்ததை அள்ளி இயந்திரத்துக்குள் போட்டான், இயந்திரம் இன்னொரு செவெரீனாவைக் கக்கிவிட்டது.

"இன்னைக்கே சொல்லிடறேன், அது நான் இல்லைன்னு" என்றாள்.

டோன் வால்தேர் நெற்றியைத் தேய்த்தார். "அவசரப்படாதீங்க. அந்தத் துளிக்காரங்க நம்மகிட்ட மத்தியான விளம்பரம் குடுக்கறாங்க, தெரியுமில்ல? ஆதாரம் இல்லாம பேசினா வழக்குப் போடுவாங்க. முதல்ல போலீஸ்ல ஒரு புகார் எழுதிக் குடுங்க. அந்த நம்பர் கைக்கு வந்ததும் தாராளமா பேசுங்க."

அந்தப் படம் ஓடிய காணொளி நிறுவனத்துக்கு முதலில் எழுதினாள், நிலையத்தின் பெண் ஒருத்தியை வைத்துக்கொண்டு. பதில் மறுநாளே வந்தது. உங்கள் புகாரைக் கவனமாகப் பார்த்தோம், இந்தப் பதிவு எங்கள் விதி எதையும் மீறவில்லை. விடவில்லை அவள், மறுபடி எழுதினாள். இந்தமுறை புகார் எழுதுவதற்காக அவள் பேரில் திறந்த கணக்கையே மூடிவிட்டார்கள். காரணம்: பிரபலமான செவெரீனா கொண்டோரியைப் போல நீங்கள் நடிக்கிறீர்கள். போலிக்குத்தான் ரசிகர்கள் அதிகமாம். வயிறெரியாதா? இதைக் கேட்டால் கல்லுக்கும் வயிறெரியும்.

பேருந்து ஏறி மாகாண நகரத்துக்குப் போனாள். கணினிக் குற்றங்களுக்கென்றே ஒரு பிரிவு அங்கே புதிதாகத் திறந்திருந்தார்கள். பெயின்ட் வாடைகூடப் போகவில்லை. இளம் அதிகாரி ஒருவர் மரியாதையாக நாற்காலி போட்டார். பின்னால் சுவரில் வண்ணச் சுவரொட்டி: 'இணையக் குற்றங்களின் வகைகளை அறிவோம்'. தூண்டில் படம் போட்டுப் பொய் இணைப்பு. பூட்டுப் படம் போட்டுக் கணினியை முடக்கிப் பணம் பறிப்பது. முகமூடி போட்டுக் கணக்கைத் திருடுவது. உடைந்த இதயம் போட்டுக் காதல் மோசடி. கேமரா போட்டு அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுவது. ஒவ்வொன்றையும் அதிகாரி பென்சிலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். செவெரீனாவும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டாள்.

"சரி மாமி, உங்களுது இதுல எது?"

"என் குரலைத் திருடிட்டாங்க ஐயா."

அதிகாரி சுவரொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "குரல் உங்ககிட்டதானே இருக்கு? இப்பக்கூடப் பேசறீங்களே."

"திருடினதை எடுத்துட்டுப் போனாத்தான் திருட்டா?"

"உங்க பணம் ஏதாச்சும் போச்சா?"

"இல்லை."

"உங்க போனுக்குள்ள யாராவது புகுந்தாங்களா? மிரட்டினாங்களா?"

"இல்லை. ஆனா அதைக் கேட்டு ஜனங்க மாத்திரையை விட்டுட்டாங்க."

"அப்ப பாதிக்கப்பட்டவங்க அவங்க. நீங்க இல்லை. அவங்களை வந்து புகார் குடுக்கச் சொல்லுங்க. யார் யார்னு பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் குரல் யாருக்குப் பேசுதுன்னு பேரா சொல்லுது? எல்லாருக்கும் பேசுது!"

"அதான் மாமி. பேர் இல்லாம நான் என்ன பண்றது?" என்று அவர் பிரிவின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடித்து விரட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருக்கலாம். சிரித்த முகத்தோடு கதவு வரை வந்து வழியனுப்பிவைப்பவனை என்ன செய்வது?

தாகோபாம்பாவில் இறங்கியபோது நீல்டா பேருந்து நிறுத்தத்திலேயே காத்திருந்தாள். இந்தமுறை சிரிப்பு இல்லை.

"அம்மா நான் சொன்னதை நம்பலை, ஞானம்மா. மாத்திரையைத் தொடவே இல்லை. கால் விரல் கறுத்துப்போச்சு. நாத்தம் அடிக்குது. ஆஸ்பத்திரின்னா காதைப் பொத்திக்கிறாங்க."

இருவரும் அப்போதே கிடைத்த லாரியில் ஏறி மூன்று சிலுவை முக்கில் இறங்கி, அங்கிருந்து நடந்தார்கள். கசிமிரா அடுப்பங்கரையில் ஆட்டுத்தோல் மேல் உட்கார்ந்திருந்தாள். வலது பாதம் துணிக்கட்டுக்குள் வீங்கியிருந்தது. பக்கத்தில் அந்தப் பச்சைப் பாட்டில். அதன் கழுத்தில் பூச்சரம் வேறு.

"வாங்க கொமாத்ரே. உங்க துளி நல்லா வேலை செய்யுது. கெட்டதெல்லாம் விரல் வழியா வெளிய வருது பாருங்க."

செவெரீனா பக்கத்தில் உட்கார்ந்தாள். பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். இயந்திரம் இருக்கிறது, பேசியதைக் கேட்டுப் பேசாததையும் பேசும், அந்தத் துளியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, இந்தக் கால் போய்விடும், அப்புறம் உயிரும் போய்விடும். கசிமிரா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"இதையெல்லாம் டாக்டருங்க உங்களைச் சொல்லச் சொன்னாங்களா?"

"என்ன?"

"அந்தக் குரல் முன்னாடியே சொல்லிச்சு. டாக்டருங்க தடுப்பாங்கன்னு. உங்களையும் மிரட்டிட்டாங்க போலிருக்கு. பாவம் கொமாத்ரே நீங்க."

செவெரீனாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டி, பைத்தியமாடி நீ? எதிர்ல உக்காந்து கத்தறேன், நான் சொல்றதை நம்ப மாட்டியா?"

நீல்டா தலையைக் குனிந்துகொண்டாள். கசிமிரா மெதுவாக நிமிர்ந்தாள்.

"'நீ'ன்னா சொல்றீங்க? நம்ம பொண்ணுக்கு முடி இறக்கின கையால? அந்தக் குரல் ஒரு தடவைகூட மரியாதை தப்பலை."

போலி மரியாதையாகப் பேசியது. நிஜம் வாய் தவறியது. இதற்கு யாரிடம் போய் முறையிடுவது? செவெரீனா கொமாத்ரேயின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அழுதும்விட்டாள். கசிமிராவும் அழுதாள். ஆனால் அசையவில்லை.

"வீட்டுக்குள்ள ஆயிரம் பேசுவோம் கொமாத்ரே. கோவத்தில பேசுவோம், பயத்தில பேசுவோம். நிஜம்னா ரேடியோவில சொல்லுங்க. ரேடியோ சொன்னா கிளம்பறேன்."

மறுநாள் டோன் வால்தேர் எண்ணெய்ப் பலகாரம் தின்றுகொண்டிருந்தபோது அவள் போய் நின்றாள்.

"புகார் நம்பர் கிடைச்சுதா?"

"இல்லை."

"அப்பறம் என்ன?"

"என் கொமாத்ரே கால் அழுகுது. நம்பருக்குப் பதிலா அது போதாதா?"

"எனக்கு மட்டும் வருத்தமில்லையா? ஆனா நிலையத்தை மூடிட்டா நாளைக்கு யார் எந்தச் சேதியைச் சொல்லுவா? யோசிங்க டோன்யா செவெ. துளியைப் பத்தி ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, சாவியை மேசை மேல வச்சுட்டுப் போயிடுங்க. நான் வேற என்ன சொல்ல?"

அவள் யோசிக்கத்தான் செய்தாள். நடந்துகொண்டே யோசித்தாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே யோசித்தாள். இத்தனை வருடம் ஊரார் சேதியைத் தூக்கிச் சுமந்த தொண்டை இது. தன் சேதி என்று ஒன்றை ஒருநாளும் வாசித்ததில்லை. அந்தப் போலிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினாள். இழுப்பில் இல்லை, கனைப்பில் இல்லை, 'மறுபடி சொல்கிறேன்' என்பதில்கூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனவன் ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். அவனுக்கு அது குப்பையாகத் தெரிந்திருக்கும். சாயங்காலம், வேன் ஓட்டும் டோன் எலோய் வீட்டுக்குப் போய் வண்டியைக் காலையில் தயாராக வைக்கச் சொன்னாள்.

விடியல் அறிவிப்புக்கு உட்கார்ந்ததும் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"லாகுமாயு ஊர் டோன்யா கசிமிரா கிஸ்பே கவனிக்கவும். தாகோபாம்பாவிலிருந்து உங்கள் கொமாத்ரே செவெரீனா கொண்டோரி சொல்லி அனுப்புவது. பச்சைப் பாட்டில் துளியை நான் சொல்லவில்லை. என் குரலைத் திருடி, இயந்திரத்தில் போட்டு, விற்கிறார்கள். இத்தனை வருடத்தில் யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்லாமல் ஒரு சேதியாவது வாசித்திருக்கிறேனா? அந்தக் குரல் யாருக்கு என்று எவர் பெயரைச் சொன்னது? கொமாத்ரே, இன்று காலை மூன்று சிலுவை முக்கில் காத்திருங்கள். டோன் எலோயின் வேனோடு வருகிறேன். காலைச் சுத்தமான துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். மாத்திரைச் சீட்டை எடுத்துவாருங்கள். அன்றைக்கு மரியாதை தப்பிப் பேசினேன், மன்னியுங்கள். மறுபடி சொல்கிறேன்..."

மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை சொல்லத் தொடங்கும்போது டோன் வால்தேர் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் மூச்சிரைக்க ஓடிவந்து மின்கம்பியைப் பிடுங்கினார். அவள் எழுந்தாள். சாவியைச் சுட்டிக் காட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வேன் மலையேறும்போது டோன் எலோய் ஓயாமல் பேசினார். "வருவாங்களா?" "வந்துட்டா எந்த ஆஸ்பத்திரி?" "வால்தேர் மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நான்." கடைசித் திருப்பத்தில் மூன்று சிலுவைகளும் தெரிந்தபோது எலோய் வண்டியின் வேகத்தைத் தானாகக் குறைத்தார். வாயும் நின்றுவிட்டது.

முக்கில் கசிமிரா கழுதை மேல் உட்கார்ந்திருந்தாள். வலது காலில் நெய்த புதுத் துணி சுற்றியிருந்தது. நீல்டா கயிற்றைப் பிடித்திருந்தாள். அவர்கள் மட்டும் இல்லை. சிலுவை மேடையைச் சுற்றி, சாலையோரக் கல்மேல், புல்மேல், எங்கே பார்த்தாலும் ஆட்கள். போர்வைக்குள் சுருண்ட ஒரு கிழவர். முதுகில் தாயைச் சுமந்து வந்த ஒருவன். கண்ணில் துணி கட்டிய ஒரு பெண். முகம் ஊதிப்போய் நிற்க முடியாமல் நின்ற ஒருத்தி. ஏறக்குறைய எல்லார் கையிலும் ஒரு பச்சைப் பாட்டில்.

செவெரீனா இறங்கினாள்.

"ரேடியோ சொல்லிச்சு, வந்தேன்" என்றாள் கசிமிரா.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "என் பேரை நீங்க வாசிக்கலை தாயே. ஆனா எனக்கும்தான்னு நினைச்சுக்கிட்டேன். தப்பா?"

"தப்பில்லை" என்றாள். கேடுகெட்ட பாவி, எங்கேயோ உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறான். அழுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். இந்த மலையில் இத்தனை கால்கள் இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் என்ன கிழித்தார்கள்? ஒருவன் விதி மீறவில்லை என்றான், ஒருவர் நம்பர் கேட்டார், ஒருவர் வகை கேட்டார்.

எலோயின் வேனில் இத்தனை பேர் ஏற முடியாது. செவெரீனா மடியிலிருந்து, அதிகாரி எண் எழுதிக் கொடுத்த தாளை எடுத்தாள். முக்கில்தான் சிக்னல் கிடைக்குமே. நீல்டாவின் கைப்பேசியில் எண்ணை அழுத்தினாள்.

"கணினிக் குற்றப் பிரிவு."

"ஐயா, தாகோபாம்பா செவெரீனா பேசறேன். பாதிக்கப்பட்டவங்க பேர் வேணும்னீங்களே, எழுதிக்கறேன்னு? பென்சிலை எடுங்க. ஆம்புலன்ஸுக்கும் சொல்லுங்க. ஒண்ணு பத்தாது."

"மாமி, என்ன வகைன்னு முதல்ல—"

அவள் கைப்பேசியைக் கசிமிராவிடம் நீட்டினாள். "சொல்லுங்க கொமாத்ரே. எப்படிச் சொல்லணும்னு உங்களுக்கே தெரியும்."

கசிமிரா கழுதை மேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பின்னால் மற்றவர்கள் எழுந்து வரிசையாக வந்து நின்றார்கள்.

"நகரத்துப் போலீஸ் ஐயா கவனிக்கவும்" என்றாள். "லாகுமாயுவிலிருந்து கசிமிரா கிஸ்பே சொல்லி அனுப்புவது. என் கால் அழுகிடுச்சு. மறுபடி சொல்றேன்..."